ஒன்றரை பார்

கத்திரி வெயிலில், தண்டையார்பேட்டையில்,
வீட்டைச் சூடாக்க ஒரு பாய்லர் செய்தோம்.
டீக்கடையில் சிரித்தார்கள்.
"எங்க வூட்டையும் கொஞ்சம் சூடு பண்ணிக் குடுப்பா,
வெயிலு பத்தல."
சிரிக்கட்டும்.
ஆர்டர் கோத்தகிரியிலிருந்து,
முன்பணம் வந்தாயிற்று,
அதில் பாதி தகடு வாங்கியே தீர்ந்தும் ஆயிற்று.

வேர்க்கடலைத் தோலை அழுத்திய குச்சிகள்
மேல்பெட்டியிலிருந்து திருகுச்சுருள் வழியே
நெருப்புக்கு இறங்கும்.
தாய் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல என்று எழுத நினைத்தேன்,
அப்படி இல்லை.
ரேஷன் கடை போல.
அளந்து, நிறுத்தி, காக்கவைத்து.

ஹில்டா அம்மா தினமும் போன் செய்வார்,
ரிட்டயர்டு நர்ஸ், தனி வீடு, தகரக் கூரை.
கேள்வி ஒன்றுதான்:
"விடியக்காலம் மூணு மணிக்கு அணைஞ்சிடாதே?"
அணையாதும்மா என்பேன்.
பதினேழு வருஷம் வெல்டிங் பிடித்த கை,
நெருப்பைப் பற்றி எது கேட்டாலும் சொல்லும்.
குளிரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?
ஸ்டான்லியில் ஒருமுறை
அண்ணனை அடையாளம் காட்ட உள்ளே கூப்பிட்டார்கள்.
அவ்வளவுதான்.

நூருல்லாதான் யோசனை சொன்னான்.
தடைக்காலம்.
காசிமேட்டில் போட்டெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிறது,
ஐஸ் கம்பெனியில் பாதி ரூம் சும்மா.
"குளுரு வாடகைக்குக் கெடைக்குது, வா."

மீன்பாடி வண்டியில் பாய்லரை ஏற்றிக்கொண்டு
ராத்திரி பத்து மணிக்குப் போனோம்.
பின்சந்தில் இறக்கி, செங்கல் வைத்து மட்டம் பார்த்து,
சுவரில் இருந்த பழைய துளையில் குழாய் நுழைத்து,
உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே
ரேடியேட்டரை மாட்டினோம்.
தண்ணீர் நிரப்பி, காற்றை விட்டு,
பற்றவைத்தால்
புகை மொத்தமும் எங்கள் மூஞ்சிக்கே வந்தது.
கடல்காற்று புகைக்குழாயின் வாயிலேயே அறைகிறது.
ஒரு பெயின்ட் டின்னை வெட்டி மேலே குல்லா போட்டான் நூருல்லா.
யூனியனில் கசிவு. நூல் சுற்றினோம். மறுபடி கசிவு.
மறுபடி நூல்.
ஒரு மணிக்குத்தான் கேஜ் முள் எழுந்தது:
ஒன்றரை பார்.
அங்கேயே நின்றது.

உள்ளே மைனஸ் நாலு.
என் பல் எனக்குத் தெரியாமல் பேசத் தொடங்கியது.
ஐஸ் தூக்கும் தேசப்பன்
சாக்கைத் தலையில் போட்டபடி வந்து
யாரையும் கேட்காமல்
ரேடியேட்டர்மேல் இரண்டு கையையும் வைத்தார்.
முப்பது வருஷக் கை, நகம் வெளுத்த கை.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
அப்புறம்,
"வலிக்குதுப்பா."
கையை எடுத்துவிடுவார் என்று பார்த்தேன்.
எடுக்கவில்லை.
"வெரலு இருக்குதுன்றதே இப்பத்தான் தெரீது,"
என்று மட்டும் சொன்னார், சுவரைப் பார்த்து.

மூன்று மணிக்கு நானே போன் செய்தேன்.
ஹில்டா அம்மா முதல் மணியிலேயே எடுத்தார்.
எரியுதும்மா என்றேன்.
அந்தப் பக்கம் போர்வை உரசும் சத்தம்.
"உங்க ஊர்ல ஏதுப்பா குளிரு,
எதை வெச்சு டெஸ்ட் பண்ணினீங்க?"
எப்படிச் சொல்ல.
குளிருதும்மா, ரொம்பக் குளிருது என்றேன்.
வாடிக்கையாளரிடம்
நான் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான்.

விடிந்ததும் சாம்பல் தட்டை இழுத்தோம்,
ஒரு கைப்பிடி, நல்ல வெள்ளை.
தரையில் கணுக்கால் தண்ணீர்.
மேனேஜர் ஜமாலுதீன் மூக்குக்கண்ணாடியை ஏற்றி
ரூமைச் சுற்றி வந்தார், எண்ணினார்,
கார்பன் தாள் வைத்து ரசீது எழுதினார்.

ரூம் வாடகை: வேண்டாம்.
கரண்ட்: பரவாயில்லை.
உருகியது: மூன்று பார்.

தேசப்பன் வாசலில் நின்று
பாய்லர் என்ன விலை என்று கேட்டார்.
சொன்னேன்.
தலையை ஆட்டிவிட்டு,
வண்டியில் ஏற்ற
ஒரு கை பிடித்தார்.